முயலுக்கு எத்தனை கால்?

தேநீர்க் கடையிலே தோழர்கள் இருவருக்குள் தகராறு. "வேகத்திலே வெல்வது பூனைதான்" என்கிறார் ஒருவர். "முயலின் தூசியைக்கூடத் தொடாது உன் பூனை" என்கிறார் மற்றவர். அறிவிலே மிஞ்சுவது எது என்று அடுத்த கேள்வி. ஆளுக்கொரு முயலைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு மூன்றே கால் என்று அடித்துப் பேசினார்கள்! தேநீர் ஆறிற்று, தகராறு ஆறவில்லை. தீர்ப்பு நம்மிடம் வந்தது. தீர்ப்பு இருக்கட்டும் தோழர்களே, சாட்சிகளை விசாரிப்போம், வாருங்கள்.

நம் புதர்க்காட்டிலே துள்ளும் முயல் வளை தோண்டாத இனம். வீட்டிலே வளர்க்கும் வெள்ளை முயலோ, வளை தோண்டி வாழும் ஐரோப்பிய முயலின் வழிவந்தது. வழக்கு அதைப் பற்றியதே.

வேகம்! பூனை பாய்ந்தால் மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர் என்பார்கள். முயலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். பிறகென்ன வேறுபாடு? பூனை பதுங்கும், பாயும், சில நொடியில் களைக்கும். நெடுந்தொலைவு துரத்துவது அதன் தொழிலல்ல. முயலோ நேராக ஓடாது. வெட்டி வெட்டித் திரும்பும். பரிசுக் கோப்பையா அதற்குக் குறி? வளையின் வாயை எட்டினால் போதும், உயிர் மிஞ்சும்!

கண்ணைப் பாருங்கள். முயலுக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருக்கின்றன. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றுமுற்றும் முழுவதையும் பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னால் உள்ளதுதான் தெரியாது. பூனைக்குக் கண்கள் முன்னோக்கியவை. பாயவேண்டிய தொலைவைப் பிசகாமல் அளக்கும். ஒன்று வேட்டையாடப் பிறந்த கண், மற்றொன்று விழித்திருக்கப் பிறந்த கண்.

அறிவு! 1898இல் அமெரிக்க அறிஞர் தார்ன்டைக், பசித்த பூனைகளைப் பெட்டியிலே அடைத்தார். கயிற்றை இழுத்தாலோ நெம்பை அழுத்தினாலோ கதவு திறக்கும், வெளியே உணவு. பூனை பிறாண்டிற்று, கடித்தது, தற்செயலாகத் திறந்தது. மறுமுறை சற்று விரைவு, அதற்கடுத்து இன்னும் விரைவு. மூளையைப் பிளந்து பார்த்தோரும் உண்டு. சிந்தனைக்குரிய மேற்புறணியிலே பூனைக்கு ஏறத்தாழ 25 கோடி நரம்பணுக்கள். முயலுக்கு ஏறத்தாழ 7 கோடி.

"பார்த்தீரா!" என்று துள்ளுகிறார் பூனைக் கட்சித் தோழர். பொறுங்கள்! முயலும் பாடம் படித்திருக்கிறது. ஓர் ஒலி, உடனே கண்ணிலே காற்று வீச்சு. இப்படித் திரும்பத் திரும்பச் செய்தால், ஒலி கேட்டதுமே முயல் கண்ணை மூடக் கற்கிறது. நினைவு மூளையிலே எங்கே பதிகிறது என்று ஆராய்ந்தவர்களுக்கு அந்த இமைதான் வழிகாட்டிற்று. தார்ன்டைக்கின் பெட்டியோ பிடித்து இழுக்கும் பாதத்துக்கு ஏற்றது. பின்னால் வரும் பருந்தைத் தலை திருப்பாமல் காண்பதே தேர்வு என்று வைத்தால் பூனை என்ன மதிப்பெண் வாங்கும்? அளவுகோலைச் செய்பவன் யாரோ, அவன் விருப்பப்படியே அமையும் முதலிடம்!

இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சா? ஆஸ்திரேலியாவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையே மக்குவாரி என்றொரு தீவு. நீளம் 34 கிலோமீட்டர். 19ஆம் நூற்றாண்டிலே கடல்நாய் வேட்டைக்காரர்களோடு பூனை வந்தது. பிறகு உணவுக்கென முயல் வந்தது. பூனைகள் கடற்பறவைகளைக் கொன்று குவித்தன. 1985இல் தொடங்கிய ஒழிப்புப் பணி 2000இல் முடிந்தது. தீவிலே ஒரு பூனை இல்லை. வெற்றி என்று மகிழ்ந்தார்கள். நடந்ததென்ன? முயலை அடக்கிவந்த நோயின் பிடியும் தளர்ந்தது, பிடித்துத் தின்னப் பூனையும் இல்லை. 2006க்குள் முயல்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின! புல்லும் செடியும் மொட்டை. சரிவுகளிலே மண் சரிந்து பென்குவின்களைப் புதைத்தது. பிறகு பல கோடி செலவிலே, நச்சிரை தூவி, நோய் பரப்பி, நாய்களைக் கொண்டு தேடி, முயலையும் எலிகளையும் ஒழித்தார்கள். 2014இல்தான் தீவு மீண்டதென அறிவித்தார்கள்.

பூனையும் குற்றவாளியல்ல, முயலும் குற்றவாளியல்ல. கொண்டுவந்து விட்டவன் மனிதன்! ஒன்று இன்னொன்றை எப்படித் தாங்கி நிற்கிறது என்று முழுக்கக் கணக்கிடாமல் ஒன்றை மட்டும் உருவினான், கட்டடமே ஆடிற்று.

ஆகவே தோழர்களே, பாய்ச்சலிலே பூனை, தப்புவதிலே முயல். பிடித்து இழுத்துக் கற்பதிலே பூனை, நாலாபுறமும் விழித்திருப்பதிலே முயல். இரண்டையும் ஒரே முழக்கோலால் அளந்த நாம்தான் திருந்தவேண்டும். அடுத்த முறை தகராறு வந்தால், தேநீர் ஆறுமுன் முயலின் காலை எண்ணிப் பாருங்கள். நான்கு இருக்கும்!