வெண்டையைக் காத்த காட்டு உறவு

வெண்டை இலையின் நரம்புகள் மஞ்சளாகி வலைபோலத் தெரிவதைக் கண்டிருக்கிறீர்களா, தோழியரே? அதுவே மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் இந்த வைரஸ் தொற்றிய செடியைக் குணப்படுத்த மருந்தில்லை. ஆகவே அறிஞர்கள் எதிர்ப்புச் சக்தியை விதையிலேயே தேடினர்.

டில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1950களில் உருவாக்கிய 'பூசா சவானி' பல்லாண்டுகள் உழவருக்குக் கைகொடுத்தது. நாளடைவில் அதுவும் நோய்க்கு இரையாயிற்று. பின்னர், நோயெதிர்க்கும் காட்டு இனத்துடன் அதைக் கலந்தனர். அக்கலப்பின் சந்ததியை மீண்டும் மீண்டும் நாட்டு வெண்டையுடன் சேர்த்து, நோயற்ற செடிகளையே தலைமுறைதோறும் பொறுக்கினர். இவ்வாறு 1980களில் மகாராஷ்டிரத்தில் பிறந்தது 'பர்பானி கிராந்தி'.

வைரஸும் மாறிக்கொண்டே இருப்பதால் இப்பணிக்கு முடிவில்லை. யாரும் பேணாத காட்டுச் செடியில் நாளைய உணவைக் காக்கும் பண்பு ஒளிந்திருக்கலாம். அதை அழியவிடலாமா?