தாலாட்டுக்குப் பிறகு மேடை

மாதுங்காவை ஒட்டிய சண்முகானந்தா சபாவுக்கும் பாடகி அருணா சாய்ராமுக்கும் ஒரே வயது. இரண்டும் மும்பையில் 1952இல் பிறந்தவை. அருணாவின் முதல் குரு அம்மா ராஜலட்சுமி சேதுராமன். பிறகு வீணை தனம்மாளின் பேத்தி டி.பிருந்தா மும்பைக்கு வந்து, அவர்கள் வீட்டிலேயே தங்கிச் சொல்லிக்கொடுத்தார். சென்னையிலேயே பலருக்குக் கிடைக்காத பாடாந்தரம் அது.

அப்புறம் கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள். அருணா பாட்டை விடவில்லை, மேடைதான் காத்திருந்தது. சென்னையின் பெரிய கச்சேரிகள் நாற்பதை ஒட்டிய வயதில்தான் வந்தன. ஆண் வித்வான்களிடம், 'குழந்தைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?' என்று யாரும் கேட்பதில்லை. 2009இல் பத்மஸ்ரீ. மியூசிக் அகாதமி 2018இல் சங்கீத கலாநிதிக்குத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு வயது 65.