தம்பி கேட்ட பூட்டு

வானொலியில் எனக்கு இரவுப் பணி. நிகழ்ச்சியை முடித்து வீடு திரும்ப எப்படியும் நள்ளிரவைத் தாண்டிவிடும். போன ஆண்டு தீபாவளி முடிந்த மூன்றாவது வாரம், அப்படி ஓர் இரவில் வந்து இறங்கியபோது, என் வீட்டு வாசற்படியில் தம்பி உட்கார்ந்திருந்தான். கிள்ளானில் அம்மாவோடு இருப்பவன். மடியில் மடிக்கணினி, மூடியபடி.

“அக்கா, இத எனக்குப் பூட்டிக் குடு.”

எதை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னான். ஆறு மாதமாக இணையச் சூதாட்டம். முதல் நாள் 50 ரிங்கிட் போட்டு 300 எடுத்திருக்கிறான். அந்த 300 பிடித்து இழுத்தது. காரின் மாதத் தவணை, நண்பர்களிடம் கைமாற்று, அம்மாவின் பல் சிகிச்சைக்கு எடுத்து வைத்திருந்த பணம் என்று எல்லாம் சேர்த்து 11,400 ரிங்கிட் போய்விட்டது.

“விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே” என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. விட முடிந்திருந்தால் அவன் அந்த நேரத்தில் என் வாசலில் ஏன் உட்காரப் போகிறான்?

நான் ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவள். கணினி எனக்குப் பாட்டுப் போடவும் பிரதி எழுதவும் மட்டுமே. மறுநாள் எங்கள் நிலையப் பொறியாளரிடம், யாருக்காக என்று சொல்லாமல், விவரம் கேட்டேன். “காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு கோப்பு இருக்கிறது. அதன் பெயர் ஹோஸ்ட்ஸ்” என்றார் அவர்.

கணினியின் பழைய நோட்டுப் புத்தகம்

எங்கள் நிலையத்தில் நேயர்களின் அழைப்பை எடுக்கும் மேசையில் ஒரு நோட்டு இருக்கும். வம்பு பேசுபவர்களின் எண்கள் அதில் எழுதப்பட்டிருக்கும். மணி அடித்ததும் முதலில் நோட்டைப் பார்ப்பார்கள். எண் அதில் இருந்தால் அழைப்பு என் காதுக்கு வராது. ஹோஸ்ட்ஸ் கோப்பும் ஏறத்தாழ இப்படித்தான்.

நாம் ஓர் இணையத்தளத்தின் பெயரை அடிக்கிறோம். கணினிக்குப் பெயர் போதாது, எண் வேண்டும். அந்த எண்ணைச் சொல்வதற்கென்று இணையத்தில் டிஎன்எஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆனால் வெளியே கேட்பதற்கு முன், கணினி தன்னிடமுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளும். பெயர் அதில் இருந்தால், அதில் எழுதிய எண்ணையே நம்பும். ஒரு சூதாட்டத் தளத்தின் பெயருக்கு எதிரே எங்கும் போய்ச் சேராத 0.0.0.0 என்ற எண்ணை எழுதிவிட்டால், கதவு திறக்காது.

இந்த நோட்டு டிஎன்எஸ்ஸைவிட மூத்தது. இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் காலத்தில், அந்த வலையமைப்பிலிருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் இருந்தன. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும்; அவர்கள் பட்டியலில் ஏற்றுவார்கள்; மற்றவர்கள் அதைப் படியெடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக ஒரே பட்டியல் கட்டுப்படியாகவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். பழைய நோட்டை மட்டும் யாரும் தூக்கிப் போடவில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அது இன்னும் இருக்கிறது.

பூட்டுப் போட்ட கதை

அந்தச் சனிக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து உட்கார்ந்தோம். செய்தது இவ்வளவுதான்.

நோட்பேட் செயலியின் மேல் வலது பொத்தானை அழுத்தி, நிர்வாகியாகத் திறக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தோம். சாதாரணமாகத் திறந்தால் கோப்பைச் சேமிக்க முடியாது. பிறகு, சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி. அந்தக் கோப்புறை முதலில் காலியாகத்தான் தெரிந்தது. எல்லா வகைக் கோப்புகளையும் காட்டச் சொன்னதும் ஹோஸ்ட்ஸ் எட்டிப் பார்த்தது. எதையும் தொடுவதற்கு முன் அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்தோம்.

கோப்பின் கடைசியில் புதிய வரி. 0.0.0.0 என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, தளத்தின் பெயர். முன்னால் வரும் எச்டிடிபி, சாய்கோடு எதுவும் வேண்டாம். ஆனால் மூன்று டபிள்யூ சேர்த்து ஒரு வரி, சேர்க்காமல் ஒரு வரி என இரண்டு எழுத வேண்டும். ஒன்றை எழுதினால் மற்றது தானாக அடைபடாது.

தம்பி பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நான்கு தளங்கள். ஒவ்வொரு பெயரையும் சொல்லும்போது அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. சேமித்து, கணினியை அணைத்துத் திறந்து, அவனையே அடிக்கச் சொன்னேன். ‘இந்தத் தளத்தை அடைய முடியவில்லை’ என்று திரை சொன்னது. அவன் பெருமூச்சு விட்டான்.

அத்தோடு விட்டால், அவனே கோப்பைத் திறந்து அந்த வரிகளை அழிக்க எவ்வளவு நேரமாகும்? அதனால் நிர்வாகிக் கணக்கு ஒன்றை எனக்காக உருவாக்கி, அவனுடைய கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றினோம். நிர்வாகிக் கடவுச்சொல் எனக்கு மட்டும் தெரியும். மடிக்கணினியில் போட்ட பூட்டு கைப்பேசியைக் காக்காது என்பதால், அவனுடைய ஐபோனில் ஸ்கிரீன் டைம் பகுதிக்குப் போய் அதே தளங்களைத் தடுத்தோம். அதன் கடவு எண்ணும் என்னிடம்தான்.

பூட்டின் எல்லை

இந்தப் பூட்டை நான் பெரிதாகச் சொல்ல வரவில்லை. ஹோஸ்ட்ஸ் கோப்பு ஒரு தளத்தை முழுதாக அடைக்கும். அதில் ஒரு பக்கத்தை மட்டும் அடைக்காது. ‘இந்தச் சொல் உள்ள எல்லாத் தளமும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுத முடியாது. சூதாட்டத் தளங்களோ நாளுக்கொரு பெயரில் முளைக்கும். ஸ்டீவன் பிளாக் என்பவர் கிட்ஹப்பில் தொகுத்துத் தரும் இலவசப் பட்டியலில் சூதாட்டத் தளங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதுவும் உதவும், ஆனால் எந்தப் பட்டியலும் முழுமையானதல்ல.

இன்னொரு எச்சரிக்கை. நல்லவர் கையிலுள்ள நோட்டு கெட்டவர் கைக்கும் போகலாம். சில நச்சு நிரல்கள் இதே கோப்பில் வங்கியின் பெயருக்கு எதிரே போலித் தளத்தின் எண்ணை எழுதி வைத்துவிடும். உங்கள் கணினியிலும் ஒருமுறை திறந்து பாருங்கள். # குறியோடு தொடங்கும் வரிகள் வெறும் குறிப்புகள்; அவற்றால் ஒன்றும் ஆகாது. குறியில்லாத, உங்களுக்குத் தெரியாத வரிகள் இருந்தால் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அரசாங்கமே தடுத்தால் என்ன என்று கேட்கலாம். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் தடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2024 செப்டம்பரில், வெளி டிஎன்எஸ் சேவைகளுக்குப் போகும் கேள்விகளையும் தங்கள் பக்கமே திருப்பிவிட வேண்டும் என்று இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. பொதுமக்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பவே, தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதை நிறுத்தச் சொன்னார். நாட்டுக்கே ஒரு நோட்டு என்றால், அதில் யார் எழுதுவது, எதை எழுதுவது என்ற கேள்வி வரத்தான் செய்யும். தம்பியின் நோட்டில் அந்தக் கேள்வி இல்லை. பெயர்களைச் சொன்னவன் அவன். நான் வெறும் எழுத்தர்.

வீட்டில் பிள்ளைகளுக்குத் தெரியாமல் பூட்ட நினைக்கும் பெற்றோருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். கேட்காதவனுக்குப் போட்ட பூட்டை அவன் உடைக்கத்தான் பார்ப்பான். முதலில் பேசுங்கள். கோப்பை அப்புறம் திறக்கலாம்.

ஓர் இரவு அழைப்பு

மூன்றாவது வாரம், இரவு ஒன்றரை மணிக்குத் தம்பி அழைத்தான். “அக்கா, வேலைக்கு ஒரு மென்பொருள் ஏத்தணும். பாஸ்வர்ட் சொல்லு. அவசரம்.”

“நாளைக்குக் காலையில நானே வந்து அடிச்சித் தரேன்” என்றேன்.

“என்ன நம்ப மாட்டியா?”

வானொலியில் மூன்று விநாடி அமைதி என்றாலே எங்களுக்குப் பதறும். அன்றைக்கு அந்த அமைதியை நானும் நிரப்பவில்லை. அவனே தொடர்பைத் துண்டித்தான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலை ஏழு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. “மென்பொருள் எதுவும் இல்ல. நல்ல வேளை நீ சொல்லல.”

அதற்குப் பிறகுதான் அவன் அம்மாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். அம்மா அழுதார். அன்றைக்கு மதியம் வழக்கம்போல் சோறும் போட்டார். மனநல ஆலோசகர் ஒருவரையும் இப்போது அவன் பார்க்கிறான். கோப்பு தளத்தைத்தான் அடைக்கும், ஆசையை அல்ல. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், சுகாதார அமைச்சின் தாலியான் ஹீல் 15555 என்ற எண்ணை அழைத்துப் பேசலாம்.

கடன் இன்னும் தீரவில்லை. மாதம் 400 ரிங்கிட்டாக அடைக்கிறான். புலனத்தில் புதிதாக ஏதாவது சூதாட்ட விளம்பரம் வந்தால், அதைத் திறக்காமல் அந்தப் பெயரை எனக்கு அனுப்பிவைக்கிறான். நான் கிள்ளானுக்குப் போகும்போதெல்லாம் அம்மா கையால் ஒரு காப்பி குடித்துவிட்டு, கோப்பைத் திறந்து சேர்த்துவிட்டு வருகிறேன்.

நான்கு தளங்களில் தொடங்கியது. போன வாரம் முப்பத்தொன்றாவது பெயரை அனுப்பினான்.