குறைந்த செலவில் ஒரு கேமிங் கணினி

எங்கள் வீட்டுக்கு வந்த முதலாவது கேமிங் கணினி பதினான்கு மாதங்கள்தான் உயிரோடு இருந்தது. ஒருநாள் மஃரிப் நேரம் மின்சாரம் போய் மறுபடி வந்தது. டப் என்று ஒரு சத்தம், அதன் பின்னால் கருகிய வாசம். திறந்து பார்த்தபோது மின்வழங்கி எரிந்து, போகும்போது தாய்ப்பலகையையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. வாங்கிய கடையில் பற்றுச்சீட்டின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள். எரிந்த அடையாளமுள்ள பாகங்களுக்கு உத்தரவாதம் கிடையாதாம். முன்பக்கத்தில் ஏழு நிறத்தில் மின்னிய மூன்று விசிறிகள் மட்டும் ஒரு குறையுமில்லாமல் மிஞ்சின.

இரண்டாவது தடவைக்கான பணம் உம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்தது. பிழைவிட இடமில்லை. “இந்த முறை கடைக்காரன் சொல்றத வாங்க ஏலா. மகள் பட்டியல எழுதட்டும்” என்றார் வாப்பா. தம்பிக்கு உதைபந்தாட்ட விளையாட்டும் வலோரண்டும் ஓட வேண்டும். எனக்குப் பாடசாலை நிகழ்ச்சிகளின் வீடியோக்களைத் தொகுக்க வேண்டும். இரண்டுக்கும் தேவைப்படுவது ஏறக்குறைய ஒரே கணினிதான் என்பது தேடத் தேடத்தான் புரிந்தது. ஆகவே ‘கேமிங்’ என்ற சொல்லைப் பார்த்து, இது நமக்கானதல்ல என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது “ஐ ஃபைவா, ஐ செவனா?” என்றுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். உண்மையில் பட்டியலைத் திரையிலிருந்து தொடங்க வேண்டும். சாதாரணமாக நாம் வாங்கும் திரையில் அகலத்துக்கு 1920, உயரத்துக்கு 1080 புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் இருபது இலட்சத்துக்கும் அதிகம். விளையாட்டு தடங்கலின்றி ஓட, விநாடிக்கு 60 தடவையாவது அத்தனை புள்ளிகளையும் புதிதாகத் தீட்ட வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் விநாடியின் அறுபதில் ஒரு பங்கு. இந்த வேலையைச் செய்வது கிராபிக்ஸ் கார்ட். 2560க்கு 1440 புள்ளிகள் கொண்ட திரையை வாங்கினால் வேலை ஒன்றே முக்கால் மடங்காகிறது. கார்டின் விலையும் அதன் பின்னாலேயே ஏறும். சிறிய பணத்தில் கட்டுகிறவர்கள் 1080இலேயே நின்றுகொள்வதுதான் புத்தி.

திரை முடிவானால் கார்ட் முடிவாகும். கையிலுள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதற்கே போகும், போகட்டும். நாங்கள் எடுத்தது ரேடியோன் ஆர்.எக்ஸ். 6600. 2021இல் வெளிவந்த கார்ட், 8 ஜிபி நினைவகம், மின்சாரமும் 132 வாற்று மட்டும். அதைவிட மலிவாக 2022இல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.யும் இருந்தது. பெயரைப் பார்த்தால் தம்பியும் அண்ணனும்போலத் தெரியும். ஆனால் 6500இல் 4 ஜிபிதான். தாய்ப்பலகையோடு பேசுவதற்கு 6600க்கு எட்டுப் பாதைகள் இருக்க, இதற்கு நான்கே பாதைகள். பழைய தலைமுறைத் தாய்ப்பலகையில் மாட்டினால் ஒவ்வொரு பாதையின் வேகமும் பாதியாகிவிடும். நினைவகமும் குறைவு, பாதையும் ஒடுக்கம் என்றால் விளையாட்டு திக்கித் திக்கித்தான் ஓடும். வீடியோவைச் சுருக்கிப் பதியும் வன்பொருளும் அதில் இல்லை. எனக்கு அது போதும், வேண்டாம் என்று வைக்க.

பாவித்த கார்ட் வாங்கலாமா? வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. 2022 செப்டெம்பரில் எதிரியம் என்ற மின்நாணயத்தின் முறை மாறியபோது, அதைத் தோண்டுவதற்காக இரவு பகலாக ஓடிய கார்ட்கள் சந்தைக்கு வந்து குவிந்தன. ஓடிய கார்ட் என்பதற்காக அது கெட்டது என்றில்லை. விற்பவர் முன்னிலையில் அரை மணி நேரம் ஒரு கனமான விளையாட்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். விசிறி கரகரக்கிறதா, திரையில் நிறக் கட்டங்கள் தெறிக்கின்றனவா, வெப்பம் எங்கே போய் நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். பெயரிலும் ஏமாறலாம். ஆர்.எக்ஸ். 580 என்றால் உள்ளே 2304 கணிப்பு அலகுகள் இருக்க வேண்டும். அதே பெயரில் 2048 அலகுகளோடு ஒன்று உலவுகிறது; அது உண்மையில் 570இன் வேலைதான் செய்யும். ஜி.பி.யூ.-இசட் என்ற இலவச மென்பொருள் ஒரு நொடியில் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போதுதான் புரொசெசர். விளையாட்டில் யார் எங்கே நிற்கிறார், பந்து எங்கே விழும் என்று கணக்குப் பார்த்து கார்டுக்கு வேலை கொடுப்பது இது. கார்ட் வரைகிற வேகத்துக்கு வேலை கொடுத்தால் போதும். அதற்கு மேல் செலவழிக்கும் பணம் சும்மா உட்கார்ந்திருக்கும். வெறும் விளையாட்டுக்கு என்றால் நான்கு கோர்கள் கொண்ட கோர் ஐ3-12100எஃப் தாராளம். வீடியோ தொகுப்பில் எல்லாக் கோர்களும் வேலைசெய்யும் என்பதால் நான் ஆறு கோர்கள் கொண்ட ரைசன் 5 5600ஐ எழுதினேன். இது பொருந்தும் ஏ.எம்.4 குழி 2016இல் வந்தது. பழையதுதான். அதனாலேயே தாய்ப்பலகையும் டி.டி.ஆர்.4 ரேமும் அப்போது மலிவாக இருந்தன. நாளைக்கு வரும் புதுப் புரொசெசர் அதில் ஏறாது என்பதையும் தெரிந்துகொண்டே வாங்கினோம்.

ரேமில் ஒரேயொரு விடயம்: 16 ஜிபி வேண்டுமென்றால் 8 ஜிபி துண்டுகள் இரண்டாக வாங்குங்கள். இரண்டு துண்டானால் இரண்டு வழியால் தரவு போகும். ஒற்றைத் துண்டு வாங்கினால் அரைவாசி வழி அடைபட்டுக் கிடக்கும். சேமிப்புக்கு 500 ஜிபி என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீடியோக்களுக்கு வைத்துக்கொண்டோம். பெட்டி எதுவானாலும் முன்பக்கத்தில் காற்று போக வழியிருந்தால் சரி.

இனி எங்களைச் சுட்ட பாகத்துக்கு வருகிறேன். மின்வழங்கி விளையாட்டை ஒரு துளிகூட வேகமாக்காது. அதனால்தான் விலையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது அதில். எரிந்துபோன எங்கள் பெட்டியின் மேல் ‘500 வாற்று’ என்று பெரிதாக எழுதியிருந்தது. பக்கவாட்டிலிருந்த அட்டவணையை எரிந்த பிறகுதான் வாசித்தேன். புரொசெசரும் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ற்றுக் கம்பியில். அந்த வரியில் 18 அம்பியர் என்றிருந்தது. சாதாரண தர விஞ்ஞானத்தில் வலு என்பது அழுத்த வித்தியாசத்தை ஓட்டத்தால் பெருக்கினால் வருவது என்று படித்திருக்கிறோமே, அதைப் போட்டுப் பாருங்கள். 12ஐ 18ஆல் பெருக்க 216. ஐந்நூறு எங்கே, இருநூற்றுப் பதினாறு எங்கே! பரீட்சைக்குப் பாடமாக்கிய சூத்திரம், வீட்டுக்குள் ஒரு பொருளின் மேல் எழுதிக் கிடந்ததை நான் பதினான்கு மாதங்களாகப் பார்க்கவேயில்லை.

புதிய பட்டியலுக்குக் கணக்கு இப்படி வந்தது. கார்டுக்கு 132 வாற்று, புரொசெசர் உச்சத்தில் 76, மற்றவைக்கு ஒரு 50. மொத்தம் 260க்குள். திடீர் ஏற்றங்களுக்கும் மூச்சுவிட இடம் வேண்டும் என்பதால் 550 வாற்று எழுதினேன். ‘80 பிளஸ்’ முத்திரை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதைத்தான் சொல்லும். பாதுகாப்பைப் பற்றி அது பேசாது. மின்னோட்டம் அளவு மீறினால் தானாக நின்றுவிடும் பாதுகாப்பு உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

விலைகளை நான் எழுதவில்லை. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தாண்டியதைப் பார்த்தவர்கள் நாம். இன்று எழுதும் விலை இந்த மலர் அச்சாகி வருவதற்குள் பொய்யாகிவிடும்.

டிசம்பர் விடுமுறையில் பட்டியலோடு கொழும்பில் கடை கடையாக ஏறினோம். ஒரு கடையில் கேள்வி கேட்டது நான், பதில் போனது தம்பிக்கு. அவனுக்குப் பதின்மூன்று வயது. “அத தாத்தாட்ட சொல்லுங்க, எனக்கு விளங்காது” என்றான். “12 வோல்ற்றில் எத்தனை அம்பியர்?” என்று கேட்டேன். மேசையில் வைத்திருந்த பெட்டியை அவர் பேசாமல் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கனமான வேறொன்றைக் கொண்டுவந்தார். அதில் 43 என்றிருந்தது. மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு யூ.பி.எஸ். வாங்கினோம். அதன் மேலுள்ள 650 வீ.ஏ. என்பதை 650 வாற்று என்று எண்ணிவிடாதீர்கள். எங்களுடையதில் 360 வாற்றுத்தான். மின்சாரம் போனால் செய்ததைச் சேமித்து ஒழுங்காக நிறுத்துவதற்கான சில நிமிடங்களுக்கு அது போதும்.

வீட்டில் நானும் தம்பியும் பூட்டி முடிக்க இஷாவாகிவிட்டது. பொத்தானை அமர்த்தினோம். விசிறிகள் சுற்றின, திரை கறுப்பாகவே இருந்தது. உம்மா தஸ்பீஹைக் கையில் எடுத்துவிட்டார். ரேமைக் கழற்றி மாட்டினோம், வயர்களை அழுத்திப் பார்த்தோம். அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் தம்பி பின்பக்கம் குனிந்து பார்த்தான். திரையின் வயரை நான் தாய்ப்பலகையில் குத்தியிருந்தேன். 5600இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, அந்தத் துளையால் படம் வரவே வராது. கார்டில் மாற்றிக் குத்தியதும் எழுத்துகள் வந்தன. அந்தத் திரையிலேயே ரேம் 2133இல் ஓடுவதாகக் காட்டியது; நாங்கள் பணம் கொடுத்தது 3200க்கு. பயோஸுக்குள் போய் எக்ஸ்.எம்.பி. என்பதை இயக்கும்வரை அது அப்படித்தான் ஓடும். இயக்கிவிட்டு, தம்பிக்கு முன்பாக நானே முதலில் உட்கார்ந்தேன்.