கண் துடிப்பும் கர்ப்பிணித் தாய்மாரும்

பெண்களுக்கு வலக்கண் துடித்தால் தீமை என்பர். இடம்பெயர்ந்த குடும்பங்களில் நாம் சந்திக்கும் கர்ப்பிணித் தாய்மார் சிலர் இதை எண்ணியே கலங்குகின்றனர். நித்திரைக் குறைவு, களைப்பு, அடிக்கடி குடிக்கும் சாயத் தேநீர் ஆகியவற்றாலேயே பெரும்பாலும் இமை துடிக்கிறது. ஓய்வெடுத்தால் தானே நின்றுவிடும்.

அஞ்ச வேண்டியது வேறொன்று. 20ஆம் வாரத்திற்குப் பின் பார்வை மங்குதல், கண்முன் மின்னல்போல் பளிச்சிடுதல், விடாத தலையிடி, திடீரென முகமும் கையும் வீங்குதல் இவற்றில் ஒன்றேனும் காணப்பட்டால் குருதி அமுக்கம் கூடியிருக்கலாம். வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. நேர்த்தி வைப்பவர்கள் வைக்கட்டும். ஆனால் விடியும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். கிளினிக் அட்டையும் கையோடு போகட்டும்.

அந்தியில் கண் தெரியாவிட்டால் அது மாலைக்கண்ணாக இருக்கலாம். விற்றமின் ஏ குறைவால் வருவது. மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். வேலி முருங்கையிலையும் பழுத்த பப்பாசியும் நல்லவை. மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம். அளவு மிஞ்சினால் கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கும்.