தூத்துக்குடி உப்பளங்களில் ‘விளைதல்’: பனிப்படிக ஆய்வின் வழி ஒரு விளக்கம்

தமிழில் உப்பு ‘விளைகிறது’. சங்க இலக்கியம் உப்பை நெய்தல் நிலத்தின் விளைபொருளாகவே காண்கிறது. தூத்துக்குடி உப்பளங்களில் இன்றும் அவ்வழக்கே நிலவுகிறது. பொது அறிவு நூல்களோ, நீர் ஆவியானபின் உப்பு ‘எஞ்சுகிறது’ என எழுதுகின்றன. இவ்விரு வினைச்சொற்களுள் எது நிகழ்வுக்குப் பொருந்துவது என்பதை இக்கட்டுரை பனிப்படிக ஆய்வின் துணைகொண்டு ஆராய்கிறது.

படிகத்தின் வடிவம் அது வளர்ந்த சூழலின் பதிவு என்பதைத் தெளிவாகக் காட்டியது பனி ஆய்வே. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி 1885 ஜனவரியில் நுண்ணோக்கியுடன் ஒளிப்படக் கருவியை இணைத்துப் பனிப்படிகத்தைப் படமெடுத்தார். அவர் எடுத்த படங்கள் 5000-க்கும் மேல். அவை வடிவங்களின் வகையைக் காட்டின, காரணத்தைக் காட்டவில்லை. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் உகிச்சிரோ நகாயா 1936-இல் முயல் மயிரின் மீது செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். வெப்பநிலையும் ஈரப்பதமும் வடிவத்தை வரையறுப்பது அவர் ஆய்வால் தெளிவாயிற்று. சுழியத்துக்குக் கீழ் 2 பாகையை ஒட்டித் தட்டும், 5 பாகையை ஒட்டி ஊசியும், 15 பாகையை ஒட்டிக் கிளைத்த விண்மீன் வடிவும் தோன்றுகின்றன.

தூத்துக்குடியில் பனிப்பொழிவு இல்லை. ஆயினும் வடிவத்துக்கும் சூழலுக்கும் உள்ள இவ்வுறவை உப்புப் பாத்தியில் காணலாம். இங்குள்ள உப்பளங்கள் பலவற்றில் நிலத்தடி உவர்நீரே இறைக்கப்படுகிறது. அதன் அடர்த்தி போமே அளவில் கணிக்கப்படும். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. வெயிலில் அடர்ந்து 13 டிகிரியைக் கடந்தபின் ஜிப்சம் படியும். 25 டிகிரியை ஒட்டியே உப்பு பிறக்கும். 29 டிகிரி அளவில் மேல்நீரை வெளியேற்றிவிட வேண்டும். தவறினால் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பேறும். ஆக, உண்மையில் எஞ்சுவது இக்கசப்பு நீரே. உப்பு அதனினின்றும் வளர்ந்து பிரிந்தது. ‘எஞ்சுதல்’ என்னும் சொல் இங்குப் பிழையாகவே அமைகிறது.

வளர்ச்சியின் சுவடு படிகத்திலும் உண்டு. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோண ஒழுங்கில் அமைவதால் பனிப்படிகம் ஆறு முனை கொள்கிறது. உப்பில் சோடியம், குளோரின் அயனிகள் முப்பரிமாணத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்படுவதால் கனசதுரம் தோன்றுகிறது. இவ்வமைப்பைப் பிராக் தந்தையும் மகனும் 1913-இல் எக்ஸ் கதிரால் கண்டறிந்தனர். வளர்ச்சி மெதுவாயின் முகங்கள் நிறைந்த கட்டி உருவாகும். விரைவாயின், பனியின் கிளைகளைப் போலவே, கரைசல் எளிதில் எட்டும் மூலைகளும் விளிம்புகளும் முந்திக்கொள்ள, முகத்தின் நடுப்பகுதி குழிந்துவிடும். அசையாத நீர்ப்பரப்பில் மிதக்கும் சிறு படிகம் தன் எடையால் மெல்ல அமிழும்போது மேல் விளிம்பே தொடர்ந்து வளர்வதால், உள்ளீடற்ற தலைகீழ்ப் பிரமிடு கிடைக்கிறது. விரைந்து வளர்ந்த படிகம் தாய்நீரைத் தன்னுள் சிறைப்படுத்துவதும் உண்டு. அந்நீரிலுள்ள மக்னீசியமும் உடன் தங்குவதால், இது வெறும் அழகியற் செய்தி அன்று. உப்பின் தரத்தையே பாதிப்பது.

ஒளிப்படம் எடுப்பதில் பனிக்கும் உப்புக்கும் உள்ள சிக்கல் ஒன்றே: இரண்டும் நிறமற்றவை, ஒளி ஊடுருவுபவை. பென்ட்லி எதிர்ப்படிவத்தில் படிகத்தைச் சுற்றியுள்ள பூச்சைச் சுரண்டியெடுத்துக் கரும்பின்னணி அமைத்தார். உப்புக்கு அதனினும் எளிய வழி உண்டு. குறுக்காக வைத்த இரு போலராய்டு தகடுகளுக்கிடையே உப்பின் கனசதுரம் இருண்டே இருக்கும். ஜிப்சம் ஊசிகளோ ஒளிரும். உப்போடு ஜிப்சம் கலந்திருப்பதை ஒரே படத்தில் இவ்வாறு அறியலாம்.

பென்ட்லிக்கு வெப்பம் எதிரி, இங்கு ஈரம். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைக் கடந்தால் தூய உப்பும் நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். எனவே உலர்ந்த நண்பகலே படமெடுக்க உகந்தது. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தியில் படிகமே இராது.