‘சி. வை.’ என்னும் ஈரெழுத்து

தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் முதன்முதல் அச்சிலே தந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை என்பதை நம் மாணாக்கர் அறிவர். அப்பெயரின் முன்னே நிற்கும் ஈரெழுத்தும் எவற்றைக் குறிப்பன என்று வகுப்பிலே வினவினால், விடை கூறுவோர் சிலரே. முன்னது ஊர், பின்னது தந்தையார்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியிலே, கோப்பாயையும் நீர்வேலியையும் கடந்தபின் வருவது சிறுப்பிட்டி. அங்கே வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் மைந்தராக, 1832 ஆம் ஆண்டு செப்டெம்பர் 12 ஆம் திகதி தாமோதரனார் பிறந்தார். தந்தையாரே முதலாசிரியர். பின்னர்ச் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார்.

பாடங்கேட்டல் என்பது அந்நாளில் நூலை விலைக்கு வாங்கி ஒதுக்கிடத்திருந்து வாசித்தலன்று. ஏட்டைப் பார்த்துப் பிரதி செய்தல் வேண்டும். ஆசிரியர் வாயினின்று கேட்டு மனனஞ் செய்தல் வேண்டும். ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒருபடித்தாகவே நிற்கும். காலும் ரகரமும் வேறுபாடின்றி மயங்கும். இன்ன இடத்தில் இன்ன எழுத்தென்று துணிவதற்குக் கண் மட்டும் போதாது. யாப்பும் இலக்கணமும் துணைவரல் வேண்டும். இன்று பட்டதாரிகளாகிய நம்மிற் பலர் இவ்வித்தையை அறியோம். பத்து வயதுப் பிள்ளைகள் அன்று அதிற் பழகினர்.

கவிராயரோ கிறித்தவ மதத்தை மறுத்துப் பாடிய சைவர். அவரிடம் தமிழ் கற்ற சிறுவர் ஆங்கிலங் கற்கச் சென்றது தெல்லிப்பழையிலிருந்த அமெரிக்க மிசன் பாடசாலைக்கு. அதன்பின் வட்டுக்கோட்டைச் செமினரி. 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கப் பாதிரிமார் 1823 இல் நிறுவிய அக்கல்விச்சாலையிலே ஆங்கிலம், கணிதம், வானசாத்திரம் முதலியவற்றோடு தமிழும் கற்பித்தனர். பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும், உத்தியோகமும் வேண்டும். ஆனால் மதம் மாறலாகாது. அக்காலத்துச் சைவப் பெற்றோர் பலரை வாட்டிய கவலை இது. மாணாக்கருக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயரைச் சூட்டும் வழக்கமும் செமினரியில் இருந்தது. அங்கே தாமோதரனாருக்குக் கற்பித்த சுதுமலை விசுவநாதபிள்ளையைத் தமிழுலகம் இன்றும் ‘கறல்’ விசுவநாதபிள்ளை என்றே அறியும்.

1852 இல் தாமோதரனார் கோப்பாயில் ஆசிரியரானார். விரைவிலேயே நீதிநெறி விளக்கத்தை உரையுடன் பதிப்பித்தார். அப்பொழுது அவர் இளைஞரே! முன்னர் யாழ்ப்பாணத்தில் ஊழியஞ்செய்து, பின் சென்னையிலே ‘தினவர்த்தமானி’ பத்திரிகையை நடத்திய பேர்சிவல் பாதிரியார், அப்பத்திரிகைப் பணிக்கு அவரை அழைத்துக்கொண்டார். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அதன் முதல் பி. ஏ. பரீட்சையிற் சித்தியெய்தினோர் இருவர்: ஒருவர் தாமோதரனார், மற்றையவர் அவருடைய ஆசிரியராகிய கறல் விசுவநாதபிள்ளை. ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே பரீட்சைக்கு ஒருங்கு தோற்றிய காட்சி நினைக்குந்தோறும் இனிக்கின்றது.

கணக்கு நிலையத்திலே பதவி, புதுக்கோட்டையிலே நீதிபதி என வாழ்க்கை பிற்பாடு விரிந்தது. ஆயினும் 1868 இல் நாவலர் பரிசோதித்த சேனாவரையத்தை வெளியிட்டது முதலாக, 1881 இல் வீரசோழியம், 1885 இல் பொருளதிகாரம், 1887 இல் கலித்தொகை என அவர் செல்லரித்த ஏடுகளோடு போராடிய ஒவ்வொரு வேளையிலும், சிறுவயதிற் கற்ற அந்த ஏட்டு வித்தையே கைகொடுத்தது என்பது என் துணிபு. ஆங்கிலக் கல்வி பதவியைத் தந்தது. பதிப்பாசிரியரை ஆக்கியவர்கள் வைரவநாதபிள்ளையும் கவிராயருமே.

பிற்காலத்தில் ஏழாலையிலே சைவப் பாடசாலை நிறுவிய தாமோதரனார் 1901 சனவரி முதலாந் திகதி காலமானார். மைந்தர் அழகசுந்தரனாரோ கிறித்தவராகிப் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்னும் பெயர் பூண்டார். சைவ நாயன்மாரின் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1921 இல் வெளியிட்ட இருவருள் ஒருவர் அந்தக் கிங்ஸ்பெரியே.